இன்ஸ்டன்ட் ஹீட்டரில் தண்ணீர் வெதுவெதுப்பாக மட்டும் வருகிறதா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

டேங்க் இல்லாத ஹீட்டரில் "சூடே வரவில்லை" என்று கூப்பிடுகிறவர்கள் வீட்டு வேலை சீக்கிரம் முடிந்துவிடும். எங்கோ ஒன்று அறுந்திருக்கும், அல்லது பற்றவே இல்லாமல் இருக்கும், பார்த்ததும் தெரியும். "வெதுவெதுன்னுதான் வருது" என்று கூப்பிடுகிற வீட்டில்தான் நேரம் போகும். அங்கே ஹீட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒன்று, அது கொடுக்கிற சூடு ஓடுகிற தண்ணீருக்குப் போதவில்லை. இல்லையென்றால், நன்றாகச் சூடான தண்ணீரோடு வழியில் எங்கோ பச்சைத் தண்ணீர் கலக்கிறது. இந்த இரண்டில் எது என்று பிரிக்காமல் மூடியைக் கழற்றினால், நல்ல பாகத்தை மாற்றிவிட்டுப் பழுதை அப்படியே விட்டுவிடுவோம். அப்படி இரண்டு மூன்று பாகம் மாற்றி, பணமும் போய், வெதுவெதுப்பு மட்டும் போகாத வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் கீழே உள்ள இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். அளவு தெரிந்த ஒரு வாளி, கைபேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், சமையலுக்குப் பயன்படுத்தும் தெர்மாமீட்டர் போதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது. அதன் அளவு 42 டிகிரியை ஒட்டியே முடிந்துவிடும்.

## முதல் சோதனை: ஹீட்டருக்குப் போகும் தண்ணீரை அடைத்துப் பார்ப்பது

ஹீட்டரின் கரண்டையும் கேஸையும் முதலில் நிறுத்துங்கள். பிறகு ஹீட்டருக்குள் பச்சைத் தண்ணீர் நுழையும் குழாயில் இருக்கும் வால்வை முழுவதும் மூடுங்கள். இப்போது ஏதாவது ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். ஒற்றைக் கைப்பிடி மிக்சர் (வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து விடும் குழாய்) என்றால் கைப்பிடியை வெந்நீர்ப் பக்கம் கடைசி வரை தள்ளுங்கள்.

குழாயில் தங்கியிருந்த தண்ணீர் கொஞ்ச நேரம் வரும். மேல்மாடிக் குழாயில் நின்ற தண்ணீர் வடிய இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகலாம். அதன்பின் நின்றுவிட வேண்டும். ஹீட்டருக்குள் தண்ணீரே போகவில்லை, அப்புறம் வெந்நீர்க் குழாயில் எப்படித் தண்ணீர் வரும்?

நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், வீட்டில் எங்கோ பச்சைத் தண்ணீர் லைன் வெந்நீர் லைனுக்குள் திறந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஹீட்டரில் கை வைக்க வேண்டாம். நேராகக் "கலப்பு" என்ற தலைப்புக்குப் போங்கள். சொட்டுச் சொட்டாக மட்டும் வந்தால் நீங்கள் மூடிய வால்வே சரியாக அடைக்காமல் இருக்கலாம். அதைக் கலப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சோதனை முடிந்ததும் வால்வைத் திறந்து, குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் ஒரே சீராக வரும்வரை ஓடவிட்ட பிறகே ஹீட்டரைப் போடுங்கள். கரண்ட் ஹீட்டரில் இது மிக முக்கியம். உள்ளே காற்று இருக்கும்போது சுவிட்சைப் போட்டால் எலிமென்ட் (சூடாக்கும் கம்பி) சில நொடிகளில் எரிந்துபோகும்.

## இரண்டாவது சோதனை: வாளிக் கணக்கு

ஹீட்டருக்கு மிக அருகில் இருக்கும் வெந்நீர்க் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தண்ணீர் சூடாகி நிலைக்கும்வரை ஓடவிட்டு, பிறகு வாளியை வைத்து நேரம் பாருங்கள். 10 லிட்டர் வாளி 75 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓடுகிறது. வெந்நீரின் டிகிரியையும் பச்சைத் தண்ணீரின் டிகிரியையும் தனித்தனியாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இவ்வளவுதான்: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை எத்தனை டிகிரி ஏறியது என்பதால் பெருக்கி, 14-ஆல் வகுத்தால் தண்ணீருக்குள் போன கிலோவாட் கிடைக்கும். பச்சைத் தண்ணீர் 26 டிகிரி, வெந்நீர் 38 டிகிரி, ஓட்டம் 8 லிட்டர் என்று வைப்போம். ஏற்றம் 12. எட்டுப் பன்னிரண்டு 96. 14-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7 கிலோவாட்.

இதை ஹீட்டர் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள கிலோவாட்டோடு ஒப்பிடுங்கள். கேஸ் ஹீட்டரில் உள்ளே போகும் வெப்பம், வெளியே வரும் வெப்பம் என்று இரண்டு எண் இருந்தால் வெளியே வரும் வெப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டர் மட்டும் போட்டிருந்தால் அது பெரும்பாலும் 25 டிகிரி ஏற்றத்துக்குச் சொன்ன கணக்கு. 6 லிட்டர் ஹீட்டர் என்றால் ஆறு இருபத்தைந்து 150, அதை 14-ஆல் வகுக்க, சுமார் 10.7 கிலோவாட்.

தகட்டு எண்ணும் வாளி எண்ணும் நெருங்கி வந்தால் ஹீட்டர் தன்னால் முடிந்ததைக் கொடுத்துவிட்டது. குறை தண்ணீரின் அளவில் இருக்கிறது. வாளி எண் வெகுவாகக் குறைந்தால், ஹீட்டருக்குப் போகும் எரிபொருளிலோ கரண்டிலோ குறை, அல்லது ஹீட்டருக்குள்ளேயே குறை. இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கீழே உங்கள் அறிகுறிக்குப் போங்கள்.

## கலப்பு: வால்வை மூடியும் வெந்நீர்க் குழாயில் தண்ணீர் நிற்கவில்லை

மிக்சர், ஷவர், வாஷ்பேசின், சமையலறை சிங்க் என்று வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் சந்திக்கும் இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். வால்வு மூடியபடியே, குழாய் திறந்தபடியே இருக்கட்டும். ஒவ்வொரு இடத்திலும் கீழே, பச்சைத் தண்ணீர்ப் பக்கம் இருக்கும் சின்ன ஆங்கிள் வால்வை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வாருங்கள். எதை மூடியதும் தண்ணீர் நிற்கிறதோ, அங்கேதான் கலக்கிறது.

காரணங்களில் செலவே இல்லாதது இது: கைஷவர், அல்லது முனையில் விசை வைத்த ஹோஸ். ஒரு வீட்டில் இரண்டு வருடமாக வெதுவெதுப்பு. எனக்கு முன் வந்தவர்கள் கேஸ் வால்வை ஒரு தடவை, வெப்ப சென்சாரை ஒரு தடவை மாற்றியிருந்தார்கள். நான் ஹீட்டருக்குப் போகும் வால்வை மூடிவிட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்தால், சுண்டுவிரல் பருமனில் தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது. ஒவ்வோர் இடமாக மூடிக்கொண்டே போய்க் கடைசியில் துணி துவைக்கும் இடத்துக்கு வந்தோம். அங்கே சுவரில் ஒரு மிக்சர், அதில் ஒரு ஹோஸ், ஹோஸ் முனையில் அழுத்தினால் மட்டும் பீய்ச்சும் விசை. மிக்சரின் இரண்டு குமிழும் எப்போதும் திறந்தே கிடந்தன. தண்ணீரை நிறுத்துவது விசையில் மட்டும். அதாவது இருபத்து நான்கு மணி நேரமும் இரண்டு லைனும் அந்த மிக்சருக்குள் ஒன்றாகிக் கிடந்தன. வீட்டில் யார் எந்த வெந்நீர்க் குழாயைத் திறந்தாலும், அந்த வழியாகப் பச்சைத் தண்ணீரும் சேர்ந்து வந்தது. இரண்டு குமிழையும் மூடினேன். பத்து நிமிடத்தில் அந்த வீட்டில் எல்லாக் குழாயிலும் நல்ல வெந்நீர். அந்த அம்மா கையை நீட்டிப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த காரணம் ஒற்றைக் கைப்பிடி மிக்சரின் கார்ட்ரிட்ஜ் (கைப்பிடிக்கு அடியில் தண்ணீரைக் கலக்கும் உருளை) தேய்ந்துபோவது. வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது. உள்ளுக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் கசியும். கார்ட்ரிட்ஜ் மாற்றுவது குழாய் வேலை கொஞ்சம் பழகியவர்களுக்குக் கைவந்த வேலைதான். பழையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் அதே அளவில் வாங்குங்கள். விட்டத்தில் சில மில்லிமீட்டர் மாறினாலும் உட்காராது.

சுவருக்குள் புதைத்த தெர்மோஸ்டாட் மிக்சர் கலக்குகிறது என்றால், அதில் உள்ள இரண்டு நான்-ரிட்டர்ன் வால்வுகளில் (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுபவை) ஒன்று மணல் சிக்கித் திறந்தே நிற்கும். சுவரை உடைக்கச் சொல்கிறவரிடம் முதலில் முன்பக்கமாகக் கழற்ற முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் முடியும்.

பச்சைத் தண்ணீர்ப் பக்க ஆங்கிள் வால்வு எல்லாவற்றையும் மூடிய பிறகும் தண்ணீர் ஓடினால், குழாய் போட்டபோதே எங்கோ இரண்டு லைனையும் இணைத்திருக்கிறார்கள். இதற்குக் குழாய் வேலைக்காரர்தான் வர வேண்டும், ஹீட்டர் மெக்கானிக் அல்ல.

## ஒரே ஒரு குழாயில் மட்டும் வெதுவெதுப்பு, மற்றதில் நல்ல சூடு

ஹீட்டர் நன்றாக இருக்கிறது. இனி அதன் பக்கம் போகவே வேண்டாம்.

ஷவர் என்றால் கைப்பிடிக்கு உள்ளே இருக்கும் வரம்பு வளையத்தைப் பாருங்கள். குழந்தைகள் சுட்டுக்கொள்ளாமல் இருக்க, கைப்பிடி வெந்நீர்ப் பக்கம் முழுவதும் திரும்பாதபடி ஒரு பிளாஸ்டிக் பல்வளையம் தடுக்கும். குழாய் பொருத்தியவர் அதைப் பாதியில் வைத்துவிட்டுப் போயிருப்பார். கைப்பிடியைக் கழற்றி, வளையத்தை ஒன்றிரண்டு பல் நகர்த்தினால் போதும். வீட்டில் சிறு குழந்தையோ முதியவரோ இருந்தால் முழுவதும் திறந்துவிடாதீர்கள். 60 டிகிரித் தண்ணீர் தோலைப் புண்ணாக்கச் சில நொடிகள் போதும்.

வளையம் சரி என்றால், அந்தக் குழாயின் வெந்நீர்ப் பக்க ஆங்கிள் வால்வு பாதி மூடியிருக்கிறதா, அதற்குள் இருக்கும் சல்லடை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வெந்நீர் பக்கம் மட்டும் அடைத்தால் பச்சைத் தண்ணீர் அதிகமாக நுழைந்துவிடும்.

தூரத்துக் குழாய் என்றால் முதலில் காத்திருந்து பாருங்கள். 15 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாய் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.18 லிட்டர் பிடிக்கும். 15 மீட்டர் தூரம் என்றால் இரண்டரை லிட்டருக்கு மேல் குழாயிலேயே ஆறிக் கிடக்கிறது. நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓட்டத்தில் அது வெளியேறவே அரை நிமிடம் ஆகும். குழாயும் சூடேற இன்னும் கொஞ்சம் நேரம். இது பழுதே இல்லை. காத்திருந்தும் சூடு ஏறவில்லை என்றால், வெளிச்சுவரில் மூடாமல் ஓடும் வெந்நீர்க் குழாய்க்கு நுரை உறை போடுங்கள்.

## முழுவதும் திறந்தால் வெதுவெதுப்பு, கொஞ்சம் மூடினால் சூடு

வாளிக் கணக்கில் தகட்டு எண்ணே கிடைக்கிறது என்றால் இதுதான் உங்கள் நிலை. ஹீட்டரால் முடிந்ததைவிட அதிகத் தண்ணீரை அதன் வழியாக ஓட்டுகிறீர்கள். மேலே சொன்ன 7 கிலோவாட் ஹீட்டரில் ஓட்டத்தை 8 லிட்டரிலிருந்து 5 லிட்டராகக் குறைத்தால், ஏற்றம் 12-லிருந்து கிட்டத்தட்ட 20 ஆகும். 26 டிகிரித் தண்ணீர் 45-ஐத் தாண்டிவிடும். குளிக்க 40 போதும்.

ஓட்டத்தைக் குறைக்க ஒவ்வொரு குழாயாகத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். ஹீட்டருக்குள் நுழையும் வால்வையே கொஞ்சம் கொஞ்சமாக மூடி, வாளி வைத்து அளந்து, ஒரே இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஓட்டம் குறைந்த ஷவர் தலை மாற்றினால் இன்னும் நல்லது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வெந்நீர் திறப்பதையும் கவனியுங்கள். ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் பாத்திரம் கழுவினால் இருவருக்கும் வெதுவெதுப்புதான்.

குளிர்காலத்தில் மட்டும் இந்தத் தொல்லை வருவதும் இதே காரணத்தால்தான். பச்சைத் தண்ணீர் 26-லிருந்து 16-க்கு இறங்கினால் வெந்நீரும் அதே 10 டிகிரி இறங்கும். கோடையில் 38 வந்த இடத்தில் இப்போது 28. ஹீட்டர் மாறவில்லை. கோடை, குளிர் என்று குமிழ் வைத்த கேஸ் ஹீட்டரில் அந்தக் குமிழ் கோடைப் பக்கமே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோடைப் பக்கத்தில் பர்னரின் ஒரு பகுதி மட்டும்தான் எரியும். குமிழைத் திருப்பியும், ஓட்டத்தைக் குறைத்தும் போதவில்லை என்றால் அந்த வீட்டுக்கு அந்த ஹீட்டர் சிறியது. பழுது பார்த்து அதைப் பெரிதாக்க முடியாது.

## மாறி மாறி: சூடு, வெதுவெதுப்பு, மறுபடி சூடு

இதில் பலர் செய்கிற ஒரு பிழை உண்டு, அதுவும் நல்ல எண்ணத்தில் செய்வது. ஹீட்டரை 60 டிகிரியில் வைத்துவிட்டு, ஷவரில் நிறையப் பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பார்கள். ஷவரில் மொத்தம் 6 லிட்டர் வருகிறது என்றால் அதில் வெந்நீர் பங்கு 2 லிட்டராகச் சுருங்கிவிடும். பெரும்பாலான இன்ஸ்டன்ட் ஹீட்டர்களுக்கு நிமிடத்துக்கு 2 முதல் 3 லிட்டராவது உள்ளே ஓடினால்தான் பற்றும். அந்த எல்லையில் ஓட்டம் தத்தளிக்கும்போது ஹீட்டர் பற்றும், அணையும், மறுபடி பற்றும்.

இதற்கு மருந்து கேட்பதற்கு நேர்மாறாக இருக்கும்: ஹீட்டரின் டிகிரியைக் குறையுங்கள். 41, 42-இல் வைத்து, பச்சைத் தண்ணீரைக் கலக்காமல் வெந்நீர்ப் பக்கத்தை மட்டும் முழுவதும் திறந்து குளியுங்கள். ஓட்டம் முழுவதும் ஹீட்டர் வழியே போகும், அணையாது.

அப்படிச் செய்தும் மாறி மாறி வந்தால் ஓட்டம் எங்கோ தடைபடுகிறது. ஷவர் தலையையும் குழாய் முனைச் சல்லடையையும் கழற்றி ஓர் இரவு வினிகரில் ஊறவிடுங்கள். பிறகு ஹீட்டருக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன வடிகட்டி. வால்வை மூடி, அதன் மூடியைக் கையால் திருகினால் விரல் அளவு சல்லடை வெளியே வரும். தொட்டி கழுவிய மறு வாரம் இந்தத் தொல்லை தொடங்கியிருந்தால் கட்டாயம் இதைத்தான் முதலில் பாருங்கள். கிளறிவிட்ட மணல் முழுவதும் இங்கேதான் வந்து நிற்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டுங்கள்.

பேட்டரியில் பற்றும் கேஸ் ஹீட்டரில் பேட்டரி தளர்ந்தாலும் இப்படி விட்டு விட்டு எரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள், ஒன்று புதிது ஒன்று பழையது என்று கலக்க வேண்டாம்.

வெயில் நேரத்தில் மட்டும் இப்படி ஆகிறது என்றால் மேல்தொட்டித் தண்ணீரே சூடாகி வருகிறது. உள்ளே வரும் தண்ணீர் 36, நீங்கள் கேட்பது 42 என்றால் 4 லிட்டர் ஓட்டத்துக்கு இரண்டு கிலோவாட்கூட வேண்டாம். பர்னரால் அவ்வளவு சிறிதாக எரிய முடியாது. எரிந்தால் வரம்பைத் தாண்டும், அதனால் அணைந்துவிடும். அந்த நேரத்தில் ஹீட்டரை நிறுத்திவிட்டே குளிக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் தொடர்ந்தால் ஓட்டத்தை அளக்கும் சென்சாரில் சந்தேகம். அதற்குள் காந்தம் வைத்த ஒரு சின்னச் சக்கரம் சுழலும். அதில் நூலோ மணலோ சிக்கினால் 6 லிட்டர் ஓடும்போது 3 லிட்டர் என்று சொல்லும், ஹீட்டரும் அதற்கேற்பக் குறைவாக எரிக்கும். இது மூடியைக் கழற்றும் வேலை. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், ஆனால் "ஃப்ளோ சென்சாரைக் கழுவிப் பாருங்கள்" என்று சொல்லிக் கூப்பிடுங்கள். மாற்றுவதற்கு முன் கழுவிப் பார்ப்பதே முறை.

## மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சூடு குறைந்தது

உப்புத் தண்ணீர் வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது இதுதான். போன வருடம் கை வைக்க முடியாத சூடு, ஆறு மாதம் கழித்துக் கொஞ்சம் குறைவு, இப்போது வெதுவெதுப்பு. குழாயைத் திறந்ததும் ஹீட்டருக்குள் கெட்டில் கொதிப்பது போல ஓர் இரைச்சல் கேட்டால் சந்தேகமே வேண்டாம். வெப்பம் ஏறும் செம்புக் குழாயின் உள்பக்கம் உப்பு கல்லாகப் படிந்துவிட்டது. சூடு அந்தக் கல்லைத் தாண்டித் தண்ணீருக்குப் போக மறுக்கிறது, ஓட்டமும் குறைகிறது.

ஹீட்டரின் கீழே, உள்வரும் குழாயிலும் வெளிவரும் குழாயிலும் பக்கவாட்டில் மூடி போட்ட சர்வீஸ் வாய் இருந்தால் வீட்டிலேயே கழுவலாம். இல்லையென்றால் இங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். வந்தவரிடம் அந்த வால்வு இரண்டையும் பொருத்தித் தரச் சொல்லுங்கள். அடுத்த வருடம் நீங்களே செய்துகொள்ளலாம்.

வேண்டியவை: ஒரு வாளி, மீன் தொட்டியில் போடுவதைவிடக் கொஞ்சம் வலுவான சின்ன மோட்டார், இரண்டு ஹோஸ், வெள்ளை வினிகர் அல்லது லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் கரைத்த சிட்ரிக் அமிலம். எந்தத் திரவம், எவ்வளவு என்று உங்கள் ஹீட்டர் கையேடு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

1. கரண்டையும் கேஸையும் நிறுத்துங்கள். ஹீட்டர் ஆறட்டும்.
2. உள்வரும் வால்வு, வெளிபோகும் வால்வு இரண்டையும் மூடுங்கள்.
3. சர்வீஸ் வாயின் மூடிகளைக் கழற்றி, மோட்டாரிலிருந்து வரும் ஹோஸைப் பச்சைத் தண்ணீர்ப் பக்கத்திலும், திரும்பி வாளிக்குள் விழும் ஹோஸை வெந்நீர்ப் பக்கத்திலும் மாட்டுங்கள். இரண்டு சர்வீஸ் வால்வையும் திறங்கள்.
4. மோட்டாரைப் போட்டு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் சுற்றவிடுங்கள்.
5. வாளியைக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரை உள்ளே விட்டு ஐந்து நிமிடமாவது ஓடவிட்டு அலசுங்கள். வடிகட்டியையும் கழுவி மாட்டி, வால்வுகளைப் பழையபடி வைத்து, காற்று போகும்வரை குழாயைத் திறந்துவிட்டு, அப்புறம் ஹீட்டரைப் போடுங்கள்.

முதல் பத்து நிமிடத்தில் திரும்பி வரும் ஹோஸைப் பாருங்கள். நுரை பொங்கும், தண்ணீர் கலங்கிப் பழுப்பாகும், பொடிப்பொடியாக வெள்ளைச் செதிள் விழும். நுரை அடங்கிய பிறகும் இரைச்சல் இருந்தால் புதுத் திரவத்தோடு இன்னொரு சுற்று விடுங்கள்.

கழிவறை கழுவும் ஆசிட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் ஊற்றாதீர்கள். கல்லோடு செம்பையும் அரித்துவிடும். பிளீச்சிங் கலந்த எதையும் அமிலத்தோடு சேர்க்கவே கூடாது, விஷவாயு கிளம்பும். செம்பு இணைப்புகளில் பச்சை நீலக் கறை ஏற்கெனவே இருந்தால் அங்கே கசிவு தொடங்கிவிட்டது. கழுவினால் அடைத்திருந்த ஓட்டையும் திறந்துகொள்ளும்; முதலில் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

## கேஸ் ஹீட்டர்: வாளிக் கணக்கில் சூடு மிகக் குறைவு

கண்ணாடி வழியாகத் தீயைப் பாருங்கள். பார்க்கும்போது முகத்தை மிக அருகில் கொண்டுபோகாதீர்கள்.

தீ மஞ்சளாக, நுனி ஆடி ஆடி எரிந்தால், மேலே கரி படிந்திருந்தால், உடனே நிறுத்துங்கள். ஜன்னல்களைத் திறங்கள். சரியாக எரியாத கேஸ் கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. குளித்துவிட்டு வருகிறவருக்குத் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் என்றால் வெந்நீரில் அதிக நேரம் நின்றதால் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் மாட்டிய, புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர் என்றால் சூட்டைப் பற்றிய பேச்சே பிறகுதான். முதலில் அதை இடம் மாற்றுங்கள்.

தீ நீலமாக, ஆனால் குட்டையாக எரிந்தால் கேஸ் போதவில்லை. செலவில்லாததிலிருந்து பாருங்கள். கேஸ் குழாய் வால்வின் கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருக்கிறதா? குறுக்கே சாய்ந்திருந்தால் பாதி மூடியிருக்கிறது. ரப்பர் ஹோஸ் மடங்கியிருக்கிறதா? அடுப்பையும் ஹீட்டரையும் சேர்த்துப் போடும்போது மட்டும் குறைகிறதா? சிலிண்டர் முடியும் தறுவாயில் இருக்கிறதா? குளிரில், சிறிய சிலிண்டரில், நெடுநேரம் ஓடினால் சிலிண்டரின் வெளிப்பக்கம் வியர்த்துப் பனி படியும். உள்ளே திரவம் ஆவியாவது மந்தமாகி அழுத்தம் குறைந்துவிடும். அப்போது சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றுவது, வேறு எப்படியாவது சூடாக்குவது, படுக்க வைப்பது எதுவும் கூடாது. பெரிய சிலிண்டர் அல்லது இரண்டு சிலிண்டர் இணைப்புதான் வழி.

வீடு மாறிய பிறகு இந்தத் தொல்லை தொடங்கியிருந்தால் கேஸ் வகையைப் பாருங்கள். சிலிண்டர் கேஸுக்கென்று துளை வைத்த ஹீட்டரைக் குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவில் மாட்டினால் தீ குட்டையாகத்தான் எரியும். அதைத் தலைகீழாகச் செய்தால் தீ பெரிதாகி ஆபத்து. மாற்றுவது உரிமம் பெற்றவரின் வேலை.

ரெகுலேட்டரின் அழுத்தம், பர்னர் துளைகளில் அடைப்பு, தண்ணீர் அழுத்தத்தால் கேஸைத் திறக்கும் ரப்பர் டயாபிராம் கிழிந்திருப்பது, இவை எல்லாம் அடுத்தபடி. டயாபிராம் விலை குறைந்த பாகம்தான். அது கிழிந்தால் கேஸ் வால்வு பாதிதான் திறக்கும். ஆனால் கேஸ் பக்கம் எதைக் கழற்றினாலும் கசிவு சோதித்துத்தான் மூட வேண்டும், அதனால் இந்த எல்லையில் நீங்கள் நின்றுவிடுங்கள்.

## கரண்ட் ஹீட்டர்: பாதிச் சூடுதான் வருகிறது

வாளிக் கணக்கு தகட்டு எண்ணில் சரிபாதியோ மூன்றில் இரண்டு பங்கோ காட்டினால், இரண்டு மூன்று எலிமென்ட்களில் ஒன்று போய்விட்டது என்பதே முதல் சந்தேகம். மூன்று ஃபேஸ் ஹீட்டர் என்றால் ஒரு ஃபேஸ் வராமல் இருக்கலாம். அதற்குரிய எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) எல்லாம் மேலே இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

மாலை நேரத்தில் மட்டும் குறைந்தால் வோல்டேஜ். இது பலர் நினைப்பதைவிட அதிகமாகச் சூட்டைத் தின்னும். 230 வோல்ட் 190-க்கு இறங்கினால், குறைவது ஆறில் ஒரு பங்கு போலத்தான் தெரியும்; ஆனால் சூடு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைய இறங்கிவிடும். 7 கிலோவாட் ஹீட்டர் 4.8 கிலோவாட் கொடுக்கும். அந்த நேரத்தில் மற்ற பெரிய சாதனங்களை நிறுத்திப் பாருங்கள். அதனால் சூடு ஏறினால், ஹீட்டருக்குப் போகும் ஒயர் மெலிதா, தனி லைனா என்று எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும்.

இதைத் தாண்டி எல்லாமே எலக்ட்ரீஷியன்தான். அவர் கிளாம்ப் மீட்டரை ஒற்றை ஒயரில் மாட்டி ஆம்பியர் பார்ப்பார். 230 வோல்ட்டில் 7 கிலோவாட்டுக்கு 30 ஆம்பியர் ஓட வேண்டும். 15 காட்டினால் பாதி எலிமென்ட் இல்லை. கருகல் வாடை, பழுப்பேறிய ஒயர் முனை, குழாயைத் தொட்டால் லேசான ஷாக், அல்லது அடிக்கடி டிரிப் ஆவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மெயினை இறக்கிவிட்டு, ஆள் வரும்வரை அந்தக் குழாயையே யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

## ஆளைக் கூப்பிடும்போது

"சூடு பத்தல" என்று மட்டும் சொன்னால் வருகிறவர் யூகத்தில் ஒரு பாகத்தைக் கையோடு எடுத்துவருவார். தொலைபேசியிலேயே இவற்றைச் சொல்லுங்கள்: தகட்டில் உள்ள கிலோவாட் அல்லது லிட்டர், நீங்கள் அளந்த ஓட்டம், உள்ளே எத்தனை டிகிரி, வெளியே எத்தனை டிகிரி, வால்வை மூடியபோது தண்ணீர் நின்றதா, திரையில் பிழை எண் ஏதாவது வந்ததா. தீயின் நிறத்தையும் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் அவர் பையைக் கட்டுவதற்கு முன் அதே குழாயில், அதே வாளியை வைத்து, அவர் முன்னாலேயே மறுபடி அளந்துவிடுங்கள்.